நாணல் பேனாவைத் தேடி நான்கு அலமாரிகள்: ஓர் ஓவிய மாணவியின் நூலக ஆய்வு

கோட்டோவியம் பயிலும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் ஒரே ஒரு வரைவை எடுத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க நூலகத்தில் ஆராய்ந்தார். அவருக்கு வரைதல் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். பருவத் தொடக்கத்தில் அவர் போட்ட கோட்டுக்கும் கடைசியில் போட்ட கோட்டுக்கும் நடுவே பெரிய தூரம். பயிற்சி அதற்கு ஒரு காரணம். ஆனால் அருங்காட்சியகப் பட்டியல்களில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கிடக்கும் ஒன்றரை வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஓவியம் படிக்கிறவர்களில் பலர் நூலகத்தைக் கட்டுரை எழுதும் வாரத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் இந்த நிகழ்வை விரிவாகவே பதிவு செய்கிறேன்.

பணியும் முதல் நகல்களும்

கொடுக்கப்பட்ட பணி எளியது. வரலாற்றிலிருந்து ஒரு கோட்டோவியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரையும், அந்த ஆய்விலிருந்து பிறந்த வரைவுகளின் தொகுப்பும் தர வேண்டும். மாணவி தேர்ந்தெடுத்தது, வின்சென்ட் வான்கோ 1888 ஜூலையில், தென் பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு அருகே உள்ள மோன்மஜூர் குன்றிலிருந்து லா க்ரோ சமவெளியைப் பார்த்து வரைந்த பேனா வரைவு. அந்தக் குன்றிலிருந்து அப்போது வரைந்த இரண்டு பெரிய காட்சிகளே தன் பேனா வேலைகளில் மிகச் சிறந்தவை என்று வான்கோவே தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். தேர்வில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கைபேசியில் இருந்த படத்தைப் பார்த்து, ஏ4 தாளில், ஃபைன்லைனர் என்ற மெல்லிய முனைப் பேனாவால் முதல் நகல்களைப் போட்டார். வயல் எல்லை, வேலி, வைக்கோல் போர், தொடுவானம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கை சுத்தமான கை. ஆனாலும் சமவெளி விரியவில்லை; எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"எல்லாம் இருக்கு சார், தூரம்தான் தெரியல" என்று அவரே சொன்னார்.

குறையை இவ்வளவு சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு நான் திருத்தம் போட்டுக் கொடுப்பது வீண். "இதை எதால வரைஞ்சிருக்கார்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்று நூலகத்துக்கு அனுப்பினேன்.

வான்கோவை விட்டுப் பேனாவைத் தேடியது

தேடுபெட்டியில் அவர் முதலில் தட்டிய சொல் "டிராயிங்". பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. அடுத்து ஓவியரின் பெயர். இந்த முறை கனத்த படப்புத்தகங்கள் வந்தன. பெரும்பாலானவை வண்ண ஓவியங்களைப் பற்றியவை. கோட்டோவியத்துக்குக் கடைசியில் சில பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அரை நாள் இப்படிப் போனபின் ரெஃபரன்ஸ் மேசைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்த பேச்சை அவர் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருந்தார்.

"என்னம்மா தேடறீங்க?"

"வான்கோ டிராயிங் பத்தி மேடம்."

"அதுல என்ன தெரியணும் உங்களுக்கு?"

"எந்தப் பேனாவால வரைஞ்சார்னு."

"அப்போ வான்கோவை விடுங்க. பேனாவைத் தேடுவோம்."

இந்த ஆய்வின் திருப்புமுனை அந்தக் கடைசி வரிதான். தேர்ந்த நூலகர் வாசகர் வாயில் வரும் முதல் கேள்வியோடு நிற்பதில்லை, அதற்குள் இருக்கும் இரண்டாவது கேள்வியை வெளியே எடுக்கிறார். பட்டியலில் பொருள் தலைப்புகள் என்று தனியாக ஓர் அடுக்கு உண்டு என்பதையும் அவர்தான் காட்டிக் கொடுத்தார். ஒரு நூலின் தலைப்பில் அந்தச் சொல் வராமலே போகலாம். ஆனாலும் நூலைப் பகுத்தவர் அதை "பென் டிராயிங்" என்றோ "ஆர்ட்டிஸ்ட்ஸ் மெட்டீரியல்ஸ்" என்றோ ஒரு பொருள் தலைப்பின் கீழ் வைத்திருப்பார். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் மறைந்திருந்த நூல்கள் வரிசையாக வரும். சரியான சொல் தெரியாமல் முட்டுகிறவர்களுக்கு அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் பெரிய துணை. கருவி, தாள், மை, உத்தி என்று ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது, அதற்கு வேறு என்னென்ன பெயர்கள் உண்டு என்று மரம்போலக் கிளைத்துக் காட்டும். நாணல் பேனா அதில் தனிப் பதிவாக இருக்கிறது.

அடுத்த தெளிவு அலமாரியில் கிடைத்தது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் கோட்டோவியத்துக்கு உரிய எண் 741. அதற்குள் மையால் வரையும் உத்தி 741.26. தனி ஓவியர்களின் வரைவுத் தொகுப்புகள் 741.9 என்று தொடங்கும். நெதர்லாந்து என்றால் 741.9492. அதே ஓவியரின் வண்ண ஓவிய நூல்களோ 759.9492-இல், சில அலமாரிகள் தள்ளி இருக்கும். மை என்ற வேதிப்பொருளைப் பற்றிய நூல்கள் 667.4-இல், கலைப் பகுதியை விட்டே வெளியே. ஆக ஒரு சிறிய கேள்வியின் விடை நான்கு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. கலைப் பகுதியில் மட்டும் தேடிவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்புகிற மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தச் சிதறலை யாராவது முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பைப் பின்பற்றும் இடங்களில் கோட்டோவியம் என்.சி. என்ற எழுத்துகளின் கீழும், வண்ண ஓவியம் என்.டி. என்பதன் கீழும் போகும். அங்கும் இதே பிரிவுதான். பெரிய அளவு நூல்களுக்குப் பல நூலகங்களில் தனி அலமாரி இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோட்டோவியம் படிக்கிறவருக்கு வேண்டிய நல்ல அச்சுப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

பொடி எழுத்தில் ஒன்றரை வரி

ஓவியர் ஒருவரின் எல்லாப் படைப்புகளையும் எண்ணிட்டு விவரிக்கும் முழுப்படைப்புப் பட்டியல் என்ற வகை நூலை மாணவி அதுவரை கையில் எடுத்ததில்லை. வான்கோவுக்கு அதை முதலில் செய்தவர் தே ல ஃபாய். 1928-இல் வெளிவந்தது, திருத்திய பதிப்பு 1970-இல் வந்தது. அவர் கொடுத்த 'எஃப்' எண்களையும், பிறகு யான் ஹுல்ஸ்கர் கொடுத்த 'ஜே.எச்.' எண்களையும்தான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரே காட்சிக்குப் பல தலைப்புகள் புழங்கும்; எண் மட்டும் மாறாது. அந்த எண்ணை வைத்துத் தேடத் தொடங்கியதும் குழப்பம் பாதியாகக் குறைந்தது.

பட்டியலில் லா க்ரோ வரைவுக்குக் கீழே இருந்த செய்தி மிகச் சிறியது: பென்சில், பேனா, நாணல் பேனா, மை, ஏறத்தாழ 49 × 61 செ.மீ. கோட்டோவியப் பட்டியல்களில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் கொடுப்பது வழக்கம்.

இந்த வரி என்ன செய்தது என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலில் அளவு. மாணவி 49 × 61 என்று ஒரு தாளை வெட்டி மேசையில் விரித்து, தன் ஏ4 நகலை அதன் மேல் வைத்தார். அகலத்தில் பாதிகூட வரவில்லை. ஏழு செ.மீ. அகலக் கைபேசித் திரையிலோ அந்தச் சமவெளி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. மூலத்தில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் ஒரு கோடு திரையில் மயிரிழைதான். அவர் அந்த மயிரிழையைப் பார்த்துத்தான் ஃபைன்லைனரை எடுத்திருக்கிறார். சுருங்கிய படம் கருவியையே மாற்றிக் காட்டிவிட்டது.

அடுத்தது "பேனா, நாணல் பேனா" என்ற இரண்டு சொற்கள். நகலில் ஒரே கருவி இருந்தது. மூலத்தில் இரண்டு. பெரிய அச்சுப் படத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரிகிறது. அருகில் இருக்கும் புல்லும் பாறையும் அகன்ற, ஈரமான, முரட்டு நாணல் தீற்றல்கள். கண் மேலே போகப் போகத் தீற்றல் குறுகி, நடுவெளிக்கு அப்பால் மெல்லிய பேனாவின் சிறு கோடுகளும் புள்ளிகளுமாகிவிடுகிறது. தொலைவு பிறப்பது இந்தக் கருவி மாற்றத்தில்தான். "தூரம்தான் தெரியல" என்ற கேள்விக்கு விடை, தூரத்தைக் கோணம் கணக்கிட்டுக் காட்டச் சொல்லும் வரைகோணப் பாடத்தில் இல்லை. அந்தப் பொடி எழுத்தில் இருந்தது.

இதே பழக்கத்தை வேறு வரைவுகளுக்கும் நீட்டச் சொன்னேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654 வாக்கில் வரைந்த, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் உறங்கும் இளம்பெண் வரைவை நாணல் பேனா வேலை என்று நினைத்துத் தன் ஒப்பீட்டுக்கு எடுத்திருந்தார். பதிவைப் பார்த்தால் தூரிகையும் பழுப்பு மையும். அளவு 24.6 × 20.3 செ.மீ., ஏ4 தாளைவிடச் சிறியது. முழுக்கை வீச்சில் போட்டது என்று அவர் நம்பியிருந்த அந்த உடல் வளைவு மணிக்கட்டு அசைவுக்குள் முடிகிற அளவுதான். தெரிந்தபின் அவர் அதை மறுபடி வரைந்த விதமே வேறு.

ரெம்பிராண்ட் விஷயத்தில் நூலின் ஆண்டையும் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டோ பெனெஷ் 1954 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பட்டியல் மாபெரும் உழைப்பு. ஆனால் அதில் ரெம்பிராண்ட் வரைந்ததாகச் சொல்லப்பட்டவற்றில் பல பிறகு அவருடைய மாணவர்கள் கை என்று ஒதுக்கப்பட்டன. பழைய நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் புதியதையும் விரித்து வைக்க வேண்டும். "வரைந்தவர்", "வரைந்ததாகக் கருதப்படுபவர்", "அவர் வட்டத்தைச் சேர்ந்தவர்", "அவரைப் பார்த்துப் படியெடுத்தது" என்ற நான்கும் வெவ்வேறு கூற்றுகள். கட்டுரையில் இவை கலந்துவிட்டால் வாதம் முழுக்க ஆட்டம் காணும்.

கடிதங்களும் கருவியும்

வான்கோவின் கடிதப் போக்குவரத்து முழுவதையும், 902 கடிதங்கள், வான்கோ அருங்காட்சியகமும் ஹொய்கன்ஸ் ஆய்வு நிறுவனமும் 2009-இல் குறிப்புகளுடன் இணையத்தில் இலவசமாக வைத்தன. சொல் கொடுத்துத் தேடலாம். "நாணல்" என்று தேடியதில் 1888 ஏப்ரலில் தியோவுக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. வாத்து இறகைச் சீவுவது போல நாணலைச் சீவி அதால் வரைவதாகவும், இந்த முறையை ஹாலந்திலேயே முயன்றதாகவும், அங்கே இவ்வளவு நல்ல நாணல் கிடைக்கவில்லை என்றும் அதில் சொல்கிறார். ஆர்ல் நகர வரைவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு, ஆர்ல் பக்கம் விளைந்த நாணலின் தரமும் ஒரு விடை.

இந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, வான்கோவே படித்துக் கற்றவர் என்பது. 1880-இல் ஓவியராக முடிவெடுத்ததும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல் பார்க்கின் வரைதல் பாடத் தாள்களை இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகப் படியெடுத்தது. வரைகோணத்துக்கு அர்மான் கசான்யின் நூல். பிறகு ஆங்கில வார இதழ்களின் பழைய தொகுதிகளை வாங்கி, அவற்றின் மரச்செதுக்குப் படங்களைப் பிரித்துச் சேர்த்து வைத்தார். கட்டற்ற கை என்று நாம் கொண்டாடும் கைக்குப் பின்னால் இப்படி ஒரு தேடல் இருக்கிறது. கோட்டோவியம் படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தைப் படித்த கையோடு மாணவி காய்ந்த நாணல் தண்டைச் சீவினார். நுனியைச் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சைச் சுரண்டி, முனையைச் சதுரமாக நறுக்கி, நடுவில் ஒரு சிறு பிளவு. தொட்டு எழுதினால் முதல் விரற்கடை நீளம் கன்னங்கரேல் என்று ஈரமாக ஓடும். அடுத்த விரற்கடையில் ஓரம் பிசிறும். அதற்கு மேல் தாளின் மேடுகளில் மட்டும் பட்டு, வெள்ளை வெள்ளையாக விட்டுப் போகும். இறகுப் பேனா போல நாணல் மையைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அடிக்கடி தொட வேண்டும். வான்கோவின் பேனா வரைவுகளில் கோடுகள் ஏன் அவ்வளவு குட்டையாக, அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதை விளக்க உணர்ச்சிவேகம் என்ற ஒரே சொல்லைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதில் பாதியாவது நாணலின் கொள்ளளவு என்று நான் சொல்வேன். மாணவியின் கட்டுரையில் மிக வலுவான பத்தி இதுதான். படித்ததும் செய்து பார்த்ததும் அதில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

மையின் நிறம்

நகல்களுக்குப் பழுப்பு மை கலக்கத் தொடங்கியபோது நூலகர் மறுபடி உதவினார். இது முதலிலிருந்தே பழுப்புதானா என்று கேட்டு, 667.4 அலமாரிக்கும் ஆய்விதழ்த் தரவுத்தளத்துக்கும் வழிகாட்டினார். வேண்டிய ஒரு கட்டுரை அங்கே இல்லை. நூலகங்களுக்கிடையேயான இரவல் முறையில் வேறிடத்திலிருந்து வரவழைத்தார்கள். இந்தச் சேவை இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது.

மாசிக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்யும் பழைய மை, எழுதியதும் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். அமிலம் மிகுந்தால் தாளையே அரிக்கும். 1856-இல் முதல் செயற்கைச் சாயம் பிறந்தபின் வந்த அனிலின் மைகள் பளிச்சென்று இருந்தாலும் ஒளியைத் தாங்காதவை. ஆர்ல் காலத்தில் வான்கோ ஊதா நிற அனிலின் மையையும் பயன்படுத்தினார். அப்படி வரைந்தவற்றில் சில மங்கி இன்று பழுப்பாகத் தெரிகின்றன. படச் சட்டத்தின் ஓரம் மறைத்த பகுதியில் ஒளி படாததால் பழைய நிறம் கொஞ்சம் தங்கியிருக்கக்கூடும். ஆய்வாளர்கள் அங்கே கண் வைப்பது அதனால்தான். கோட்டோவியங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் காட்சிக்கு வைத்துவிட்டுப் பெட்டிக்குள் வைப்பதும் இதே காரணத்தால்.

இது மாணவியைச் சற்று நிலைகுலைய வைத்தது. நாம் படியெடுப்பது வரைந்தவர் பார்த்ததையா, நமக்கு மிஞ்சியதையா? தொகுப்பில் ஒரே பகுதியை இரண்டு முறை வரைந்து வைத்தார்: ஒன்று கருமையான மையில், ஒன்று பழுப்பில். கருமையான நகலில் அருகும் தொலைவும் இன்னும் விலகி நின்றன. பழுப்பில் எல்லாம் மென்மையாகி நெருங்கி வந்தன. மங்கிய மையின் இணக்கத்தைத்தான் நாம் ஓவியரின் மென்மை என்று புகழ்கிறோமோ என்று அவர் எழுதிய கேள்வியை நான் திருத்தாமல் விட்டேன்.

மூவருக்கு ஒரே காட்சி

ஆய்வின் பிற்பகுதியில் ஒரு நல்ல ஒப்பீடு சிக்கியது. 1888 ஜூலை, ஆகஸ்டில் வான்கோ தன் வண்ண ஓவியங்களைப் பார்த்துப் பேனாவால் 32 வரைவுகள் செய்து மூவருக்கு அனுப்பினார்: ஓவிய நண்பர்களான எமில் பெர்னாருக்கு 15, ஜான் ரஸலுக்கு 12, தம்பி தியோவுக்கு 5. சில காட்சிகள் ஒன்றுக்கு மேற்பட்டவருக்குப் போயிருக்கின்றன. அவை இன்று வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருப்பதால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பை நூலும் இணையப் பதிவுகளும்தான் தருகின்றன. கடல் மேல் படகுகள் காட்சியை இப்படி அடுக்கிப் பார்த்தார் மாணவி. பெர்னாருக்குப் போனதில் வேகம், ரஸலுக்குப் போனதில் புள்ளிகளின் நெசவு. பெறுகிறவர் மாறினால் கோடும் மாறுகிறது. இந்தப் பகுதியை அவர் இன்னும் விரித்திருக்கலாம். வேதியியலுக்குக் கொடுத்த பக்கங்களில் சிலவற்றை இங்கே கொடுத்திருந்தால் கட்டுரை உயர்ந்திருக்கும். மதிப்பீட்டில் அதைச் சொன்னேன்.

நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் பெயர் தெரியாத ஒருவரின் பழைய பேனா வரைவு ஒன்று இருந்தது. முன்பதிவு செய்து பார்க்கலாம். பென்சில் மட்டும் அனுமதி, கை கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது, பேனா முனை தாளை அழுத்திய இரண்டு மெல்லிய பள்ளங்களும், அவற்றுக்கிடையே மை தேங்கி உலர்ந்திருந்ததும் தெரிந்தன. எந்த அச்சுப் படத்திலும் இது வராது.

ஆய்வு முழுவதும் அவர் ஒவ்வொரு வரைவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரே முறையில் குறிப்பெடுத்தார்: எண், ஆண்டு, கருவி, தாள், உயரமும் அகலமும், பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, எந்த நூலின் எந்தப் பதிப்பு, அச்சில் எத்தனை பங்கு சுருங்கியிருக்கிறது. இப்போது என் வகுப்பில் படியெடுக்கும் பணி எதுவானாலும் இந்தப் பக்கத்தை நிரப்பிய பிறகுதான் தாளில் கை வைக்கிறார்கள். பின்பக்கம் என்ற கட்டம்தான் பெரும்பாலும் காலியாக வருகிறது. பட்டியல்கள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. அப்போது அந்தக் கேள்வியோடு மறுபடி ரெஃபரன்ஸ் மேசைக்கு அனுப்புகிறேன்.

லா க்ரோ வரைவில் ஒரு பகுதி மட்டும் தீராமல் நின்றது. நடுவெளியில் வேலிகளும் வயல்களும் சந்திக்கிற பட்டையில் எந்தக் கோடு நாணல், எந்தக் கோடு மெல்லிய பேனா என்று அச்சுப் படத்தை வைத்து அவரால் பிரிக்க முடியவில்லை. டிரேசிங் தாளில் நாணலுக்கு ஒரு நிறம், பேனாவுக்கு ஒரு நிறம் என்று குறித்துக்கொண்டு வந்தவர், அந்தப் பட்டையில் மூன்றாவது நிறத்தில் கேள்விக்குறிகளை இட்டு, அப்படியே தொகுப்பில் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தாளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.